பதினோராம் கேள்விக்கு ஓம்

இல்ல சேர், நான் இரிக்க வரல்ல, நிண்டே கதைக்கிறன். நிண்டு கதைச்சாத்தான் எனக்கு ஞாயம் ஒழுங்கா வரும். அந்த ஜன்னல மட்டும் சாத்தாதீங்க. மழ உள்ளுக்கு அடிக்கல்ல, தூறல்தான். நான் இடைக்கிட ரோட்டுக்கு அங்கால பாப்பன், அத மரியாதக் கொறச்சலா எடுக்காதீங்க. ஒரு காரணம் இரிக்கு, பிறகு சொல்றன்.

உங்களுக்கு நேரமில்ல எண்டு எனக்கும் தெரியும். லிஸ்ட் மூணு மணிக்கு கொழும்புக்கு பெக்ஸ் போகுதாம், வாசல்ல இரிக்கிற மஜீட் காக்கா சொன்னார். இப்ப ரெண்டு மணி. கால் மணித்தியாலத்துக்கு மேல கதைக்க மாட்டன். எங்கட உம்மாட்டக் கேட்டா அது பொய்யெண்டு சொல்லுவா. நீங்க உம்மாட்டக் கேக்காதீங்க.

நான் ஹாஜறா. கல்முனைக்குடி. ஒலுவில் கெம்பஸ்ல ரெண்டாம் வருசம். விண்ணப்பம் போட்டது நானில்ல, எனக்கு மூத்தவ, எங்கட ராத்தா ஹப்ஸா. நீங்க நடத்தப் போற வயரிங் கோசுக்கு. ஆறு மாசம், முழுக்க இலவசம், முடிச்சா சேட்டிபிக்கட்டும் ஒரு சாமான் பெட்டியும். போன கிழம நோட்டிஸ் போட்ல இருவது பேர்ட பேர் ஒட்டினீங்க. அதுல ராத்தா இல்ல. அதுக்குத்தான் வந்தன்.

சேர், கோவிக்காதீங்க, அந்தக் கேத்தில் வயர்ல பிளக் இல்லயே. ரெண்டு கம்பியையும் ஓட்டைக்குள்ள குத்தி நெருப்புக் குச்சியால இறுக்கி வெச்சிரிக்கீங்க. கரண்டு வேல படிப்பிக்கிற ஒபிஸ்ல. ராத்தா இதக் கண்டா முதல் வகுப்ப உங்களுக்குத்தான் எடுப்பா. இல்ல, எனக்குத் தேத்தண்ணி வேணாம், அதத் தொடாதீங்க. நீங்களும் குடிக்காதீங்க. உங்கட கையெழுத்து இண்டைக்கு எனக்குத் தேவ.

என்ன, பொம்புளைக்கு ஏன் வயரிங் எண்டா கேக்கிறீங்க? கேக்கல்லயா. உங்கட முகம் கேட்டிச்சு. பரவாயில்ல, பதில் தயார் பண்ணிக் கொண்டு வந்துட்டன், வீணாக்க ஏலா.

எங்கட தெருவுல சபியா உம்மாட மாப்புள இந்த வருசம் மவுத்தானார். அவ இத்தா இரிந்தா. இத்தா எண்டா புருசன் செத்தா நாலு மாசமும் பத்து நாளும், அவ வெளிய போறதில்ல, வெளி ஆம்புளைகள் அவட முன்னுக்கு வாறதும் இல்ல. மகன்மார் ரெண்டு பேரும் கட்டார்ல. ஒம்பதாம் நாள் வீட்டுல கரண்டு போச்சு. தெருவுல எல்லாருக்கும் இரிக்கு, அவக்கு மட்டும் இல்ல. என்ன செய்யிற? அபூசாலி பாஸ் எண்டு எங்கட ஊருல வயரிங் வேல செய்யிற ஒராள். அவர் படலையடில வந்து நிண்டு, உள்ளுக்கு வர ஏலாதே உம்மா, மெயின் சுவிச்ச நீங்களே பாத்துச் சொல்லுங்க எண்டு கத்துறார். அவ உள்ளுக்கு நிண்டு, தம்பி இதுல கறுப்பா என்னமோ கிடக்கு எண்டு கத்துறா. கறுப்பு எண்டா எந்தக் கறுப்பு எண்டு இவர். கறுப்பெண்டா கறுப்புத்தான், எனக்கு மாப்புள மவுத்தானதே போதும், நீ வேற எண்டு அவ. ஒரு மணித்தியாலம் இப்பிடி. தெருவே நிண்டு பாத்திச்சு. கடைசில எங்கட ராத்தா போனா. அபாயாவோட ஸ்டூல்ல ஏறினா. இருவது நிமிசம், லைட் வந்திட்டு.

அண்டைல இருந்து ராத்தாட ஹேண்ட்பேக்குக்குள்ள சீப்பு இல்ல, டெஸ்டர்தான். ஆம்புள வெளிநாட்டுல இரிக்கிற வீடு எங்கட பக்கத்துல எத்தின எண்டு நினைக்கிறீங்க? பேன் நிண்டா, ஆராச்சும் காக்கா தம்பி லீவுல வரும்மட்டும் கடதாசி மட்டையால விசுக்கிக்கொண்டு இரிக்கிற பொம்புளைகள். இப்ப அவங்களெல்லாம் ராத்தாட்டத்தான் ஆள் அனுப்புற.

எங்க படிச்சாவா? என்ட ஓ.எல் விஞ்ஞானப் புத்தகத்துல. உண்மையாத்தான். ராத்தாட மாப்புள மசூர் மச்சான் சுனாமில போனவர். கடற்கர வளவு, வீடும் போச்சு. பிறகு ஒரு வீட்டுத் திட்டத்துல வீடு தந்தாங்க. வீடு நல்லம், வயரிங் செஞ்சவர்தான் அவசரக்காரர். மழ பெஞ்சா குசினிச் செவத்துல கை வெக்க ஏலா, உதறும். பாஸ் மூணு தரம் வந்தார், மூணு தரமும் பல்ப மாத்திட்டுப் போனார். நாலாம் தரம் ராத்தா ஆளக் கூப்பிடல்ல. என்ட புத்தகத்த அம்மில விரிச்சு வெச்சிட்டு ஒவ்வொரு கம்பியாப் பாத்தா. எர்த் கம்பி ஒரு இடத்துலயும் கொழுவல்ல, செவத்துக்குள்ள சும்மா சுருட்டி வெச்சிரிக்கு. அதே புத்தகத்த நானும்தான் படிச்சன். எனக்கு சி.

அப்ப எல்லாம் தெரிஞ்ச ஆளுக்குக் கோஸ் எதுக்கு. இது நல்ல கேள்வி சேர், கெம்பஸ்லயும் இப்பிடி ஒராளாவது கேட்டா நல்லம். புது வீட்டுக்கு லைன் எடுக்கிறெண்டா சேட்டிபிக்கட் உள்ள ஆள் கையெழுத்து வெக்கணும். ராத்தா முழு வீட்டுக்கும் வயர் இழுப்பா. அபூசாலி பாஸ் வந்து படலையடில நிண்டே கையெழுத்து வெப்பார். ஆர்ட வேல எண்டு கேட்டா, நம்மட வேலதான் எண்டு சொல்லுவார். நம்மட எண்டா ஆர் எண்டு நான் ஒருக்காக் கேட்டன். அதுக்குப் பிறகு அவர் எனக்கு சலாம் சொல்றதில்ல.

மத்தது சிரிக்கிற விசயமில்ல. மூணு மாசத்துக்கு முந்தி ராத்தா ஒரு அரிசி மில்லுக்குப் போனா, வீட்டு வேல எண்டு நினைச்சுக்கொண்டு. அங்க மிசினுக்கு வாறது மூணு லைன் கரண்டு. அது அந்தப் புத்தகத்துல இல்ல. தெரியாமத் தொட்டா. வலது உள்ளங்கை வெந்து போச்சு. ஒரு கிழமையா நான்தான் சோறு ஊட்டி விட்டன், அவட மகள் ஹிமாயா பக்கத்துல இரிந்து, உம்மா வாயத் திறங்க எண்டு பாடம் நடத்துவா. ஏழு வயசு, என்ன மாதிரித்தான் வரப்போறா. கை ஆறினதும் ராத்தா என்னட்டச் சொன்னா, ஹாஜறா, எனக்கு இது முழுசாத் தெரியணும் எண்டு. சேர், எங்கட வீட்டுல கத முழுக்க எனக்குப் பங்கு வந்திட்டு, அவ கதைக்கிறது கொஞ்சம். அவ வாய் திறந்து ஒண்டு கேட்டா அது நடந்தாகணும்.

அப்ப இலவசமா எங்க படிக்கலாம் எண்டு தேடத் தொடங்கினன். இந்த மாவட்டத்துல நான் ஏறாத படியில்ல. ஒரு இடத்துல இலவசம்தான், ஆனா வயசு இருவத்தஞ்சு தாண்டக் கூடா. ராத்தாக்கு முப்பத்தொண்டு. வயசு போனாக் கரண்டு அடிக்காதா எண்டு கேட்டன், சாப்பாட்டு நேரம் எண்டு கதவச் சாத்திட்டாங்க. அக்கரைப்பற்றுல ஒரு நிறுவனம், பொம்புளைகளுக்கெண்டே தொடங்கினது. ஓடிப் போனன். தையலும் கேக் ஐசிங்கும் மட்டும்தானாம். ராத்தா செஞ்ச கேக்க நீங்க திங்கல்ல சேர். திண்டிருந்தா நீங்களே அவட கைல குறட்டக் குடுத்து அனுப்புவீங்க.

இன்னொரு இடத்துல, யுத்தத்தால பாதிக்கப்பட்டவங்களா, சுனாமியால பாதிக்கப்பட்டவங்களா எண்டு கேட்டாங்க. நான் உண்மையச் சொல்லிட்டன், சுனாமி எண்டு. அந்த அக்கா பாவம், நல்ல மனுசி. சண்ட முடிஞ்சு ஆறு மாசம்தானே தங்கச்சி, இப்ப எல்லாம் அதுக்குத்தான் வருது, அஞ்சு வருசத்துக்கு முந்தி வந்திருந்தா உடனே தந்திருப்பம் எண்டா. அஞ்சு வருசத்துக்கு முந்தி ராத்தா இத்தால இரிந்தா. அவ வெளிய வந்து பாக்கக்குள்ள சுனாமி பழைய சிலபஸ்.

பள்ளிவாசல் ஸக்காத் கொமிட்டிட்டயும் போனன். தையல் மிசின் குடுப்பாங்களாம், ஆடு குடுப்பாங்களாம். படிப்புக்கு இல்லாட்டிப் பரவாயில்ல, ஒரு ஏணியாவது தாங்க எண்டன். அதுல ஆர் ஏறுற எண்டு கேட்டாங்க. ஆடு ஏறாது எண்டு சொல்லிட்டு வந்துட்டன். ஓம், சொல்லியிருக்கக் கூடா. உம்மா அடுத்த நாள் போய் மன்னிப்புக் கேட்டா.

பிறகு ஒரு பேங்க். படிப்புக்குச் சலுகக் கடன் எண்டு பெருசா போட் போட்டிரிக்கு. வீட்டு உறுதிப் பத்திரத்த வெச்சாத் தருவாங்களாம். இத மட்டும் ஞாபகம் வெச்சிக்கொள்ளுங்க சேர். அங்க வீடு இரிந்தாத்தான் உதவி.

இஞ்ச வீடு இரிந்தா உதவி இல்ல. உங்கட போம்ல பதினோராம் கேள்வி. சொந்தப் பேரில் வீடு உண்டா? உண்டு எண்டு எழுதின ஒராளும் லிஸ்ட்ல இல்ல. சரியா?

நீங்க மாத்தள. உங்கட பக்கம் பொண்ணு மாப்புள வீட்டுக்குப் போகும். எங்கட பக்கம் மாப்புளதான் ஒரு பெட்டியத் தூக்கிக்கொண்டு பொண்ணு வீட்டுக்கு வாறவர். வீடு வளவு பொம்புளப் புள்ளைக்கு. வாப்பா எழுதிக் குடுப்பார், இல்லாட்டிக் காக்கா தம்பிமார் வெளிநாட்டுல வெயில்ல காஞ்சு கட்டிக் குடுப்பாங்க. இஞ்ச உள்ள தமிழாக்களும் அப்பிடித்தான். பொம்புளட பேர்ல வீடில்லாட்டிக் கலியாணமே இல்ல. இந்த ஊருல வந்து வீடு உண்டா எண்டு கேட்டா என்ன நடக்கும்? ஆம்புள எல்லாரும் ஏழ, பொம்புள எல்லாரும் பணக்காரி.

சிரிக்காதீங்க, லிஸ்ட எடுத்துப் பாருங்க. நாலாம் பேர், றம்ஸீன். ரெண்டு தட்டு வீடு, கீழ ஹார்ட்வெயார் கட, மேல ஏசி. எல்லாம் பொண்டாட்டிட பேர்ல. உங்கட கடதாசில அவர் ரோட்டுல படுக்கிற மனுசன். அவர் பொய்யும் சொல்லல்ல, அதுதான் எனக்கு ஆத்திரம். பொய் சொல்லியிருந்தாப் பிடிச்சிரிக்கலாம். ஒம்பதாம் பேர் தினுஜன், அத வெட்டிராதீங்க, உண்மையிலயே கஷ்டப்பட்ட கடல் தொழில் வீடு. நான் ஒராளத் தள்ளிட்டு ராத்தாவ ஏத்தச் சொல்லி வரல்ல.

விண்ணப்பிச்ச பொம்புளைகள் ஏழு பேர். ஏழு பேரும் வெளிய. நோட்டிஸ் போட்டடில கஜேந்தினி எண்டு ஒரு புள்ளையக் கண்டன். ரெண்டு அறை, பாதி ஓடு, பாதி தகரம், அம்மா சீதனமா எழுதிக் குடுத்தது. அவவும் உங்கட கணக்குல வீட்டுக்காரி. ரெண்டு பேரும் ஒராள ஒராள் பாத்துச் சிரிச்சம். பிறகு லிஸ்ட இன்னொருக்கா வாசிச்சம். பிறகு சிரிப்பு வரல்ல.

எடுங்க, எடுங்க, விண்ணப்பப் பைல எடுங்க. அதுதான், ஹப்ஸா. ஓம், பதினோராம் கேள்வி. வாசிங்க.

ஓம் எண்டு எழுதி, அதுக்குக் கீழ எங்கள் மரபில் வீடு பெண்ணுக்கு உரியது, இது எவரும் இட்ட தர்மமல்ல, உரிமை எண்டு இரிக்கா? கட்டம் காணாதெண்டு ஒரு அம்புக்குறி. மறுபக்கம் திருப்புங்க. ஓம், அதுவும்தான். ஒண்டரப் பக்கம். நல்ல தமிழ், இல்லயா? ஒரு எழுத்துப் பிழ காட்ட ஏலாது. ஆர் எழுதினதா? அத விடுங்க, அத பிறகு பாப்பம்.

அந்த உரிம எப்பிடி வந்தது எண்டு கேளுங்க. வீட்டுத் திட்டத்துல குடும்பத் தலைவர் பேர் கேட்டாங்க. மசூர் எண்டு எழுதப் போனாங்க. அவர் மவுத்து எண்டம். அப்ப வாப்பா எண்டாங்க. அவர் அதுக்கும் முந்தி மவுத்து. அப்ப ஆராச்சும் ஒரு ஆம்புளட பேரச் சொல்லுங்களன் தங்கச்சி, கட்டம் வெறுமையா இரிக்கக் கூடாதே எண்டார் அந்த ஐயா. எங்கட வீட்டுல அப்பயும் இப்பயும் நாலும் பொம்புள, உம்மா, ராத்தா, ஹிமாயா, நான். நான் அப்ப ஏ.எல். ஸ்கூல் வெள்ள உடுப்போட மூணு மாசம் அந்த ஒபிசுக்கு நடந்தன். கடைசில அவர் என்னக் கண்டா பின்கதவால போறவர். ராத்தாட பேர்ல எழுத வெச்சிட்டுத்தான் விட்டன். நான் வெண்ட முதல் சண்ட அது.

விதி கொழும்பால வந்ததுதான், நீங்க எழுதினதில்ல. சரி. ஆனா போம்ல கடைசிக் கட்டத்தப் பாருங்க. உத்தியோகத்தரின் விசேட குறிப்பு. எல்லார்ட போம்லயும் அது வெறுமையாத்தான் கிடக்கும், பந்தயம் பிடிக்கிறன். அந்தக் கட்டம் உங்களுக்குத்தான் சேர், கொழும்புக்கில்ல. வீடு உண்டு, வருமானம் இல்ல, இந்தப் பகுதியில பெண்ணுட பேரில் வீடிருப்பது வசதிக்கு அடையாளமில்ல. இவ்வளவுதான். ஏழு பொம்புளைக்கும் இதே வசனம். நான் வேணுமெண்டா எழுதித் தாறன். வேணாம், நீங்களே எழுதுங்க. நான் எழுதினா எப்பிடி முடியுமெண்டு மறுபக்கத்துல இரிக்கு.

இல்ல சேர். அந்தக் கதைய மட்டும் இனி ஒராள்ட்டயும் சொல்லிராதீங்க. போன வியாழன் ராத்தாட்டயும் நீங்க இதத்தான் சொல்லியிரிக்கீங்க. உங்கட பேர்ல அந்த வீடு மட்டும் இல்லாட்டி எடுத்திரிக்கலாம் தங்கச்சி எண்டு. நீங்க ஆறுதலுக்குச் சொன்னீங்க, எனக்கு விளங்குது. எங்கட ராத்தாக்கு ஆறுதல் விளங்காது. ஒண்டு வேல செய்யல்லயெண்டா எந்தக் கம்பி பிழ எண்டு பாப்பா, அதக் கழட்டிருவா.

அந்தா, ரோட்டுக்கு அங்கால மேல் மாடி. தம்பிமுத்து நொத்தாரிசு எண்டு போட் தெரியுதா. ராத்தா அங்கதான் இரிக்கா. வீட்ட எழுதிக் குடுக்க. ஓம், இண்டைக்குத்தான், இப்பத்தான். உறுதியக் கொண்டு வந்து மூணு மணிக்கு முந்தி உங்கட மேசைல வெச்சு, இப்ப என்ட பேர்ல வீடில்ல எண்டு சொல்லப் போறா.

ஆருக்கா? எனக்கு. நான் ஏற்க மாட்டன், கையெழுத்து வெக்க மாட்டன் எண்டு காலைல வரைக்கும் சண்ட பிடிச்சன். அப்ப பெரிய மாமாட பேருக்கு எழுதுவன் எண்டா. பெரிய மாமாக்கு நாலு மகள் சேர். நாலும் கலியாண வயசு. அதுக்கு மேல நான் என்ன கதைக்கிற. ஆனா அது ராத்தாவோட முடியிற வீடா, அது ஹிமாயாக்குப் போகவேண்டிய வீடு. நாளைக்கு எனக்கொரு மாப்புள வந்து அந்த ஹோல்ல கால் நீட்டி இரிந்தா, ராத்தா செவத்துல ஒரு ஆணி அடிக்க அந்தாள்ட்ட உத்தரவு கேக்கணும். ராத்தா இதுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொல்றா, வீட்டுக்குள்ளால ஒருக்காக் கடல் வந்திட்டுப் போச்சு, கைல உள்ளதக் கடல் கொண்டு போகாது எண்டு. சொன்னனே, கதைக்கிறது கொஞ்சம்.

இவ்வளவு நேரம் ஏன் எழுதி முடிக்கல்லயா? நொத்தாரிசுட அறைல டியூப் லைட் பத்தல்ல. மழ இருட்டு, அவர் வயசாளி, லைட் இல்லாம உறுதியில கை வெக்க மாட்டன், நாளைக்கு வாங்க புள்ள எண்டார். நான் அல்ஹம்துலில்லாஹ் எண்டு வாய்விட்டே சொல்லிட்டன். ராத்தா நிமிந்து லைட்டப் பாத்தா. பாத்திட்டு, ஐயா ஒரு கதிர தாங்க எண்டு கேட்டா. அவ கதிரைல ஏறக்குள்ளதான் நான் படியிறங்கி இஞ்ச ஓடி வந்தன். அதுதான் சேர் நிண்டு கதைக்கிறன்.

அந்த ஒண்டரப் பக்கமா. அது நான்தான். பதினோராம் கேள்விய வெறுமையா விடுவம் எண்டுதான் ராத்தா சொன்னா. நான் விடல்ல. மூணு மாசம் நடந்து எடுத்த வீட்ட எப்பிடி வெறுமையா விடுற எண்டு நினைச்சன். அம்புக்குறி போடக்குள்ள எனக்குச் சந்தோசமா இரிந்திச்சு.

அந்தா, பத்திட்டு. மேல பாருங்க. ஸ்டாட்டர்தான் பழுதா இரிந்திரிக்கும், இல்லாட்டி இவ்வளவு கெதியா முடியாது. இனி நொத்தாரிசு கண்ணாடியத் துடைப்பார், கடதாசி தேடுவார், அஞ்சு நிமிசம் போகும். ராத்தா இப்ப ஜன்னலடிக்கு வந்து இஞ்சதான் பாப்பா. நான் கைய அசைச்சா உறுதிய எடுத்திட்டு இறங்கி வந்திரணும், அசைக்காட்டி எழுதணும், அதுதான் எங்கட ஒப்பந்தம். வந்திட்டா பாருங்க, கைல இன்னம் டெஸ்டர்.

பேனையத் திறந்திட்டீங்க. அசைக்கவா சேர்?